தவக்காலத்தில் 300 கி.மீ. சைக்கிள் பிரெவேக்குத் தயாராகிறேன். ஒருசந்தி, ஜெபமாலை, ஞாயிற்றுப் பூசை எதையும் விடாமல் முடியுமா?

கேட்டவர் காரைக்குடிக்காரர், கத்தோலிக்கர். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) கழிந்து இரண்டாம் சனிக்கிழமை 300 கி.மீ. பிரெவே ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறார். பிரெவே என்பது குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம், பந்தயம் அல்ல. பயிற்சி முழுக்கத் தவக்காலத்தில் விழுகிறது. ஜெபத்தையும் விட மனமில்லை, சைக்கிளையும் விட மனமில்லை என்கிறார்.

இரண்டையும் விட வேண்டியதில்லை. தவக்காலத்தின் வார ஒழுங்கு பயிற்சிக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஜெபத்திடம் கேட்க வேண்டியதை ஜெபத்திடமும், பம்பிடம் கேட்க வேண்டியதைப் பம்பிடமும் கேளுங்கள். பிரேக் ரப்பரைப் பார்க்காமல் "மாதா பார்த்துக்கொள்வார்" என்று கிளம்புவதை விசுவாசம் என்று நம்புகிறவர்கள், ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு இயேசு சொன்ன பதிலை மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஒருமுறை படிக்கலாம்.

முதலில் கணக்கு. 300 கி.மீ. பிரெவேக்கு 20 மணி நேரம், நிற்கிற நேரமும் அதில் சேர்த்தி. ஓடும்போது மணிக்கு 20 கி.மீ. வந்தால் 15 மணி நேரம் மிதித்தாக வேண்டும்; மீதி 5 மணி சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் நிழலுக்கும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் இரவு 2 மணி கடைசி. ஆகவே வேகத்தைக் கூட்டப் பாடுபடுவதைவிட, நிற்கிற இடங்களில் நேரத்தை வீணாக்காமல் இருக்கப் பழகுங்கள்.

வெள்ளிக்கிழமையை ஓய்வு நாளாக வையுங்கள். அன்று சுத்தபோசனம், மாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதை. பதினான்கு ஸ்தலத்துக்கும் முட்டி போட்டு எழுவதே தொடைக்கு ஒரு வேலைதான்; அன்று காலையில் வேகப் பயிற்சி செய்துவிட்டுப் போனால் பத்தாவது ஸ்தலத்தில் முட்டி கெஞ்சும், சனிக்கிழமை நீளப் பயணமும் கெடும். சுத்தபோசனம் என்பது மாமிசம் விலக்குவது மட்டுமே. மீன், முட்டை, பருப்பு எல்லாம் உண்டு, உடம்புக்குக் குறை வராது. இரவு இடியாப்பமோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். தேங்காயும் நெய்யும் கனத்த கவுனி அரிசியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், விடியற்காலை நாலரை மணிக்கு அது வயிற்றிலேயே கிடக்கும்.

ஒருசந்தி என்னும் உபவாச விஷயத்தில்தான் ஆர்வமுள்ளவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். திருச்சபை கட்டாயமாக்கியிருக்கும் ஒருசந்தி நாள்கள் இரண்டுதான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு அது. ஒரு முழு உணவும், சேர்த்தாலும் ஒரு முழு உணவுக்கு வராத இரண்டு சிறு உணவும் கொள்ளலாம். அந்த இரண்டு நாளும் சைக்கிளைத் தொட வேண்டாம். மீதி நாள்களில் நீங்களாகக் கூட்டிக்கொள்கிற உபவாசம் உங்கள் பக்தி. அதை நீளப் பயண நாளில் வைக்காதீர்கள். தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை, கொஞ்சம் வேகமாக மிதித்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு கை நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், பார்வை மங்கும். எதிரே லாரி வருகிற சாலையில் அந்த நிலை உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்தவருக்கும் ஆபத்து. ஒறுத்தல் வேண்டும் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை மாலைக் காபியையும் பலகாரத்தையும் விடுங்கள், இரவு ஒன்பதுக்குமேல் செல்போனை விடுங்கள். தூக்கமும் கூடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் செய்யக்கூடாது; நோயாளிகளைத் திருச்சபையும் கட்டாயப்படுத்துவதில்லை.

முதலாம் அரசர்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா "போதும் ஆண்டவரே" என்று செடி நிழலில் படுத்துவிடுகிறார். தூதர் அவருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், பயணம் நெடுந்தூரம் என்றார். நீளப் பயணத்துக்குப் போகிற எவரும் தியானிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

நீளப் பயணங்களுக்குத் திரும்பும் இடமாக ஒரு கோயிலை வையுங்கள். முதல் வாரம் 80 கி.மீ.: திருமயம் வரை போய்வந்து, மீதியை தேவகோட்டைப் பக்கம் ஓட்டிச் சரிக்கட்டலாம். இரண்டாம் வாரம் ஓரியூர். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போய்வர 100 கி.மீ.யை ஒட்டி வரும். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அந்தச் செம்மண்ணை இன்றும் மக்கள் எடுத்துப் போகிறார்கள். பங்குனி மதியத்தில் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும் நாளில் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். ஆடியில் இதே சாலையில் மேற்குக் காற்று முகத்தில் அறையும். மூன்றாம் வாரம் 120, நான்காம் வாரம் இறங்கி 80. உடம்பு தேறுவது இந்த இறக்கத்தில்தான், அதை விடாதீர்கள். ஐந்தாம் வாரம் சிவகங்கை, மானாமதுரை வழியாக இடைக்காட்டூர்: 1894இல் பிரான்சின் ரீம்ஸ் பேராலயச் சாயலில் எழுப்பிய திரு இருதயக் கோயில், போய்வர ஏறக்குறைய 150. ஆறாம் வாரம் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக வேளாங்கண்ணி. ஒருவழியே 150க்கு மேல் வரும். சனிக்கிழமை போய்த் தங்கி, ஞாயிறு பூசை கண்டு திரும்பினால், களைத்த காலோடு இரண்டாம் நாள் மிதிக்கிற பழக்கம் வந்துவிடும். அடுத்தது புனித வாரம். வழிபாடுகள் நீளம், இரவு விழிப்பு வேறு. பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். பிரெவேக்கு முன் உடம்பைத் தளர்த்தத் தொடங்கவும் அது பொருத்தம்.

கோயிலுக்குள் போக, பையில் ஒரு மெல்லிய கைலியோ பேன்ட்டோ இருக்கட்டும். கிளீட் (பெடலில் மாட்டும் கட்டை) வைத்த ஷூவைப் படியிலேயே கழற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் போல வழவழவென்று இருக்கும் தரையில் அது சறுக்கும்.

நம் பக்கத்துச் சாலைகளில் பயணத்தைக் கெடுப்பது மேடு அல்ல, சீமைக் கருவேல முள். விறகும் கரியும் ஏற்றிப் போகும் வண்டிகள் உதிர்த்துவிட்டுப் போகின்றன. தார் ஓரத்து மண்ணில் இறங்காதீர்கள். டயர் 28 மி.மீ.யாவது வேண்டும், ஃபிரேம் இடம் கொடுத்தால் 32. உங்கள் எடை 70 கிலோவை ஒட்டி இருந்தால் 28க்கு 75–85, 32க்கு 60–70 பி.எஸ்.ஐ. காற்று போதும். இரண்டு டியூப், ஆறு ஒட்டு, இரண்டு லீவர், பம்பு, இவற்றோடு ஒரு முள்வாங்கி. பஞ்சரானால் புது டியூபை உடனே மாட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முள்ளின் நுனி ஒடிந்து டயர் ரப்பருக்குள் நிற்கும். இரண்டு கிலோமீட்டரில் புது டியூபும் போகும். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள், வால்வு இருந்த இடத்தோடு டயரைப் பொருத்திப் பார்த்தால் முள் எங்கே என்று தெரியும். ஒரு துணியை டயரின் உள்பக்கம் சுற்றித் துடையுங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். முள்வாங்கியால் இழுத்தெடுத்த பிறகே புது டியூப். எட்டு நிமிடத்துக்குள் முடிக்கிற வரை வீட்டு முற்றத்தில் பழகுங்கள்.

வண்டியை ஃபாதரிடம் மந்திரித்து வாங்குவது நல்ல வழக்கம். அதற்கு முந்தின நாளே செயின் தேய்மானமும் பிரேக் கேபிளும் பார்த்துவிடுங்கள். ஜெபமாலையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். கேபிளில் சிக்கும், அறுந்தால் சக்கரக் கம்பியில் சுற்றும். ஒரு சுரூபத்தை (சிறு பதக்கம்) சீட்டுப் பைக்குள் வைத்துத் தையுங்கள். இத்தாலியில் கிசாலோ மாதாவை 1949இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார்; அந்தப் படத்தை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 1938, 1948 ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் வென்ற ஜீனோ பார்த்தாலி ஆழ்ந்த கத்தோலிக்கர். உலகப்போரின்போது யூதர்களைக் காப்பாற்றப் போலி அடையாளத் தாள்களை ஃபிரேம் குழாய்க்குள் ஒளித்து, பயிற்சி செய்பவர்போல் ஓட்டிப் போனவர். மன்றாட்டும் மிதியும் ஒரே வண்டியில் போகும் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டாம்.

இனி ஓட்டும்போது ஜெபிப்பது. கண்ணை மூடக்கூடாது, காதில் எதுவும் மாட்டக்கூடாது, கை பாரில் இருக்க வேண்டும். ஜெபமாலை மணிக்குப் பதில் விரல்: ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேக்கும் ஒரு விரலை பாரில் லேசாக அழுத்தினால் பத்து விரலில் ஒரு பத்து முடியும். வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஜெபத்தின் முதல் பாதியை நடுவில் ஓரிடத்தில் மட்டும் மூச்சு வாங்கிச் சொல்ல முடிந்தால் நாள் முழுக்கத் தாங்குகிற வேகத்தில் போகிறீர்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், கியரை இறக்குங்கள். இதயத்துடிப்புக் கருவி இல்லாதவருக்கு இதுவே கருவி.

53 மணி ஜெபமாலைக்கு 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் 6–7 கி.மீ. போயிருப்பீர்கள். ஒவ்வொரு பத்து முடிந்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர். ஒரு மாலை முடிந்ததும் ஒரு வாழைப்பழமோ, இரண்டு இட்லியோ, ஒரு பெரிய நெல்லிக்காயளவு வெல்லமோ. ஒவ்வொன்றிலும் சுமார் 20 கிராம் மாவுச்சத்து வரும். மணிக்கு மூன்று மாலை, 60 கிராம்: நீளப் பயணத்துக்கு அதுதான் தேவை. தண்ணீர் மணிக்கு 500–750 மி.லி.; வெயில் ஏறினால் ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கலந்த குப்பி ஒன்று தனியாக இருக்கட்டும். ஜெபத்தைக் கடிகாரமாக்கலாமா என்று மனம் உறுத்தினால், கோயில் மணி எதற்கு அடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூவேளை ஜெபமும் அப்படித்தான். காலை 6 மணிக்குச் சொல்லும்போது பிரேக்கை அழுத்திப் பாருங்கள். 12 மணிக்குச் சொல்லும்போது நிழலில் இறங்கி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். மாலை 6 மணிக்குச் சொல்லும்போது முன் விளக்கு, பின் விளக்கு, ஒளிரும் சட்டை.

இருட்டிய பிறகு மனத்துக்குள் ஜெபமாலை சொல்லாதீர்கள். ஒரே தாளத்தில் போகும் சொல் தூக்கத்தைக் கொண்டுவரும். சத்தமாகப் பாடுங்கள், அல்லது "இயேசுவே, தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்" என்ற மனவல்லய ஜெபத்தை (ஒரே வரிச் சிறு ஜெபம்) அவ்வப்போது சொல்லுங்கள். எண்ணிக்கை இரண்டு முறை தவறினால் அது பக்திக் குறைவு அல்ல, கண் சொருகுகிறது. வெளிச்சமான இடத்தில் நிறுத்தி 15–20 நிமிடம் தூங்குங்கள்.

நேர்ச்சை பற்றி. "300ஐ முடித்தால் மாதாவுக்கு இது செய்கிறேன்" என்று நேராதீர்கள். வெயிலில் உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, புத்தி தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது நிறுத்தவிடாமல் அந்த நேர்ச்சை பிடித்துத் தள்ளும். நேர்வதானால் தயாரிப்புக்கு நேருங்கள்: "இந்த ஆறு வாரமும் தினம் ஒரு மாலை." ஏற்கெனவே நேர்ந்துவிட்டிருந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள், தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் 1196 அவருக்கு அதிகாரம் தருகிறது.

ஞாயிற்றுப் பூசைக்கு எளிய வழி, சனி மாலைப் பூசை. அதுவே ஞாயிற்றுக் கடனைத் தீர்க்கும், ஞாயிறு விடியலில் கிளம்பலாம். ஓட்டிவிட்டு நேரே பூசைக்குப் போகிறீர்கள் என்றால் நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டையும் ஓ.ஆர்.எஸ். தண்ணீரையும் முடித்துவிடுங்கள். வெறும் தண்ணீரும் மருந்தும் எப்போதும் கொள்ளலாம்.

பிரெவே நாளில் இரவு 2 மணிக்குள் முடித்து வருவீர்கள். அது ஞாயிறு ஆகிவிட்டிருக்கும். முதற்பூசைக்கு அலாரம் வைக்காதீர்கள். தூங்கி எழுந்து, சோறு சாப்பிட்டு, மாலைப் பூசைக்குப் போங்கள். பைக்கை நீங்கள் ஓட்டாமல் வீட்டில் ஒருவரைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். முட்டி மடங்காவிட்டால் பின் பெஞ்சில் உட்கார்ந்தே நன்றி சொல்லலாம்.