பாக்கின் செல்லோ சூட்: எந்தப் பதிவு சரி?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவுக்கு ஆறு சூட்டுகள் (நடன இசைத் தொகுப்புகள்) எழுதினார். அவற்றில் முதலாவதைச் செல்லோ கலைஞர்களான கசல்ஸ் வாசித்தும் பில்ஸ்மா வாசித்தும் கேட்டு, சுருதியே வேறாக இருக்கிறது, யாராவது தப்பாக வாசிக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். இருவருமே தப்பு செய்யவில்லை.

சுருதி விஷயம் எளிது. இன்று பொதுவாக ‘ஏ’ என்ற ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்க்கிறார்கள். பரோக், அதாவது பாக் காலத்து, பாணியில் வாசிக்கும் செல்லோக்காரர்கள் பலர் அதை 415க்கு இறக்கி, விலங்குக் குடலால் செய்த தந்தியில் வாசிக்கிறார்கள். பில்ஸ்மாவின் பதிவு அரை ஸ்வரம் கீழே கேட்பது அதனால்தான்.

சுருதி மட்டுமல்ல, வில்லை இழுக்கும் விதமும் கலைஞருக்குக் கலைஞர் மாறும். அதற்குக் காரணம்தான் சுவாரசியமானது. பாக் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை நகல்கள். முக்கியமானது அவர் மனைவி அன்னா மக்தலேனா எழுதியது. எந்தெந்த ஸ்வரங்களை ஒரே வில்லில் இணைப்பது என்று காட்டும் வளைகோடுகளை அவர் அவசரமாகப் போட்டிருக்கிறார். சூட்டின் முதல் பகுதியான பிரெலூடின் தொடக்கத்திலேயே கோடு மூன்று ஸ்வரங்களுக்கா நான்குக்கா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு கலைஞரும் தானே முடிவெடுத்தாக வேண்டும். எனக்கு இந்த இசையில் மிகப் பிடித்ததே அதுதான்.

கசல்ஸ் 1890இல், பதிமூன்று வயதில், பார்சலோனாவில் ஒரு பழைய கடையில் இதன் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தார். ஆறு சூட்டுகளையும் பதிவு செய்தது 1936 முதல் 1939 வரை. முதலில் அவரையே கேளுங்கள், இரைச்சலைப் பொருட்படுத்தாதீர்கள். அப்புறம் பில்ஸ்மாவின் 1979 பதிவில் சரபாந்த் என்ற மெதுவான நடனப் பகுதியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.