எஃப்-1 விசாவில் டியூஷன், கோடிங் வேலை
அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1இல் இருந்துகொண்டு, கணித முனைவர் படிப்போடு வாரம் 20 மணி நேரம் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை, அதற்கு மேல் ஆன்லைன் டியூஷனும் பைத்தான் கோடிங்கும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வகுப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் 20 மணி நேரம்தான் வரம்பு. அனுமதியில்லாமல் வெளியில் வாங்கும் சின்னத் தொகைகூட விசாவுக்கே உலை வைத்துவிடும். நாற்பது கால்குலஸ் விடைத்தாள்களைத் திருத்திவிட்டு, நள்ளிரவில் வாடகைக் கணக்குப் போட்டவன் நான். உங்கள் நெருக்கடி புரிகிறது.

சரி, படிப்பில் ஓராண்டு முடிந்துவிட்டதா? கோடை இன்டர்ன்ஷிப் தேடுங்கள். கிடைத்ததும் சி.பி.டி.க்கு, அதாவது படிப்பின் பகுதியாக வெளியில் வேலை செய்யும் அனுமதிக்கு, விண்ணப்பியுங்கள். வேலையில் சேரும் முன்பே அது பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20இல் பதிவாகியிருக்க வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் ஓ.பி.டி. (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி) போய்விடும், எண்ணிக்கொண்டே இருங்கள். அப்புறம், கோடைக்கால வகுப்பில் பாடம் நடத்த வாய்ப்புண்டா என்று துறையில் இப்போதே கேளுங்கள்.