வானியல் படிக்க எந்தப் பட்டம்? வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்: வானியல் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. பி.எஸ்சி. வானியல் எங்கள் பக்கத்துக் கல்லூரி எதிலும் இல்லை. அந்தப் பட்டத்துக்காக வெளி மாநிலம் போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். நம் நாட்டு வானியலாளர்களில் பெரும்பாலோர் இளநிலையில் படித்தது இயற்பியல்தான். விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் ஆராய்ந்து 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தவர். விண்மீனின் நிறமாலையைப் படித்துப் புரிந்துகொள்ள குவாண்டம் இயக்கவியல் வேண்டும். அதன் உட்புற அழுத்தத்தைக் கணக்கிட வெப்ப இயற்பியல் வேண்டும். இந்த அடித்தளம் பலமாக இருந்தால் வானியலை முதுநிலையிலோ பிஎச்.டி.யின் முதல் ஆண்டிலோ கற்றுக்கொள்ளலாம். அடித்தளம் இல்லாமல் முதலிலேயே வானியல் படித்தால் படங்களும் பெயர்களும்தான் மனதில் தங்கும்.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். கணித இயற்பியல், எந்திரவியல், மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வரை போகும் மின்காந்தவியல், வெப்பமும் புள்ளியியல் இயற்பியலும், ஒளியியல், குவாண்டம் இயக்கவியல் ஆகிய தாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினி நிரலாக்கம் செய்முறையோடு சொல்லித்தரப்படுகிறதா என்றும் பாருங்கள். அலைடு பாடமாகக் கணிதம் கட்டாயம் இருக்க வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்க்கும்போது பல நிறுவனங்கள் இளநிலையில் கணிதம் படித்ததற்குச் சான்று கேட்கின்றன. ‘விண்வெளி அறிவியல்’ என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்து, உள்ளே குவாண்டமும் மின்காந்தவியலும் இல்லாத பட்டத்தில் சேர்ந்தால் சிக்கல் மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகுதான் தெரியவரும். இயற்பியல் முதுநிலைக்குத் தகுதி இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும்.

ஒரு தந்தை, தென்காசி: என் மகன் கணிதம் – கணினி அறிவியல் குரூப். பிளஸ் டூவுக்குப் பிறகு மத்திய அரசு நிறுவனங்களில் சேர எந்தெந்தத் தேர்வு எழுத வேண்டும்? உயிரியல் படிக்காதது தடையாகுமா?

முதலில் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். அங்கே ஐந்தாண்டு பி.எஸ். – எம்.எஸ். படிப்பு. புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இடங்களில் இருக்கின்றன. சேர்க்கைக்கு ஐஏடி என்ற தேர்வு: 3 மணி நேரம், 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். மொத்தம் 240.

உயிரியல் படிக்காதவரும் எழுதலாம். ஆனால் அந்த 60 மதிப்பெண் கைவிட்டுப் போகும் அபாயம் உண்டு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண்தான் தேறும். அதை நம்புவதில் பயனில்லை. இரண்டு விடைகள் தவறென்று உறுதியாக விலக்க முடிந்தால் அதே சராசரி ஒன்றரை மதிப்பெண்ணாகிறது. எனவே செல் அமைப்பு, மரபியல், சூழலியல் ஆகிய பகுதிகளை மட்டுமாவது பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே படிக்கச் சொல்லுங்கள். ஐசரில் சேர்ந்த பிறகும் தொடக்கப் பருவங்களில் எல்லா அறிவியலும் படித்தாக வேண்டும், உயிரியலும் உட்பட. அது வீண் உழைப்பு ஆகாது.

இரண்டாவது, திருவனந்தபுரம் அருகே வலியமலாவில் உள்ள விண்வெளித் துறையின் ஐஐஎஸ்டி (இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கழகம்). அங்கே பொறியியல் இயற்பியலில் பி.டெக்., அதைத் தொடர்ந்து வானியல், வான் இயற்பியலில் எம்.எஸ். என்று ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் உண்டு. வானியலைப் பெயரிலேயே வைத்திருக்கும் தரமான வழி வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைப்படி. இங்கே பலர் கோட்டை விடுவது ஒரு சின்ன விஷயத்தில்: ஐஐடி கலந்தாய்வோடு இது சேர்ந்து வராது, ஐஐஎஸ்டிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, ஜேஇஇ மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படிப்பவர் மெயின் முடிந்த பிறகு கலைச்சொற்களை மாற்றிப் படிக்க நேரம் போதாது. இயற்பியல், கணித ஆங்கிலக் கலைச்சொற்களைப் பிளஸ் ஒன்னிலேயே பழக ஆரம்பிக்க வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ்., ‘நெஸ்ட்’ தேர்வு வழியாகச் சேரும் புவனேஸ்வரின் தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசர் இரண்டும் நல்லவை. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. கணிதத்தில் பிடிப்புள்ள பையன் என்றால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, தஞ்சாவூர்: ஐசர், ஐஐஎஸ்டி போன்ற எந்த நிறுவனத்திலும் இடம் கிடைக்காமல் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தேன். இனி வானியலுக்குப் போக முடியுமா?

முடியும். உங்கள் வாசல் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ‘ஜாம்’. மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். இயற்பியல் தாளில் 3 மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் 30 கேள்விகளில் மட்டும் தவறுக்கு மதிப்பெண் கழியும். ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள 10 கேள்விகளிலும் எண்ணாக விடை தரும் 20 கேள்விகளிலும் கழிவு இல்லை. கல்லூரித் தேர்வுக்குத் தேற்றங்களை எழுதிப் பழகிய கை இங்கே தடுமாறுவது இயல்பு, ஏனென்றால் இது முழுக்கக் கணக்குத் தேர்வு. இரண்டாம் ஆண்டிலேயே தினமும் கணக்கு போட ஆரம்பியுங்கள்.

ஜாம் மதிப்பெண்ணை வைத்து ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். வானியலில் எம்.எஸ்சி. நடத்தும் ஐஐடி இந்தூரையும் பாருங்கள்.

கோடை விடுமுறையை வீணாக்காதீர்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில், ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை பழகலாம். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். எந்தத் துறையில் என்ன செய்ய விருப்பம் என்ற சிறு குறிப்பும் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். குறிப்பில் ‘சிறு வயதிலிருந்தே வானத்தின் மீது ஆர்வம்’ என்று எழுதினால் எடுபடாது. என்ன படித்திருக்கிறீர்கள், எந்தக் கேள்வி புரியாமல் நிற்கிறது என்று எழுதுங்கள். பரிந்துரை உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று ஆசிரியரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளஸ் டூ மாணவர், விருதுநகர்: தொலைநோக்கி வாங்கினால் படிப்புக்கு உதவுமா?

இப்போது வேண்டாம். 10×50 பைனாகுலர் ஒன்று போதும். வெறும் கண்ணாலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன்.

பெர்சியஸ் விண்மீன் குழுவில் அல்கால் என்ற விண்மீன் இருக்கிறது. அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை. வழக்கமாக அதன் ஒளித்தரம் (எண் கூடினால் ஒளி குறைவு) 2.1. மங்கலான துணை குறுக்கே வரும்போது 3.4-க்கு இறங்குகிறது, அதாவது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. இறங்கி ஏற சுமார் 10 மணி நேரம் ஆகும். இது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். திங்கள் அதிகாலை 4 மணிக்கு மிக மங்கலாக இருந்தால், புதன் நள்ளிரவு தாண்டி (வியாழன் பிறந்து) 12.49-க்கும், சனி இரவு 9.38-க்கும் அதே நிலை. இப்படி வரும் இரவுகளில் அல்கால் வானில் இருப்பவற்றைப் பிடித்தால் போதும்.

அரை மணிக்கு ஒருமுறை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிடுங்கள். ஆந்திரமேடாவின் காமா 2.1, பெர்சியஸின் எப்சிலான் 2.9, டெல்டா 3.0, காப்பா 3.8. பக்கத்திலேயே இருக்கிறதே என்று ரோ பெர்சியோடு ஒப்பிட்டுவிடாதீர்கள், அதுவும் ஒளி மாறும் விண்மீன். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் விடாது. தை மாதம் நமக்கு வசதி, ஆனால் அப்போது அதிகாலைக்குள் அல்கால் மறைந்துவிடும் என்பதால் முன்னிரவில் வரும் மங்கலைப் பிடியுங்கள். நேரத்தைக் குறிக்கும்போது நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்து உலக நேரமாக எழுதுங்கள்.

அடுத்த படி பைத்தான் என்ற கணினி நிரல் மொழி. கண்காணித்த நேரத்திலிருந்து ஏதாவது ஒரு மங்கல் உச்ச நேரத்தைக் கழித்து, 2.867 நாளால் வகுத்து, பின்னப் பகுதியை மட்டும் எடுங்கள். அதைக் கிடை அச்சிலும் ஒளித்தரத்தை நிலை அச்சிலும் வைத்து வரையுங்கள். ஒளித்தர எண் கூடினால் ஒளி குறைவு என்பதால் நிலை அச்சைத் தலைகீழாக்க மறக்க வேண்டாம். வெவ்வேறு இரவுப் புள்ளிகள் ஒரே பள்ளத்தில் வந்து அமரும். அமராமல் சிதறினால் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் பிழை இருக்கும். கெப்ளர் விண்கலத்தின் தரவில் கோள் கடப்புகளை (விண்மீனின் குறுக்கே கோள் செல்வதை) ஆராய்ந்தவர்களும் இப்படித்தான் ஒரு கால அளவில் மடித்துப் பார்த்தார்கள்.

ஒரு தாய், ஈரோடு: மகளுக்கு ஈசிஇ-யில் (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அவளுக்கோ வானியல். இயற்பியலில் சேர்த்தால் வேலை கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து ஆண்டு அளவில், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர வேலைக்கு முப்பது வயதைத் தாண்டும். பிஎச்.டி. காலத்தில் உதவித்தொகை உண்டு: மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. வழியில் விலகினாலும் தரவுப் பகுப்பாய்வு, கல்லூரி ஆசிரியர் பணி போன்றவை கைகொடுக்கும்.

ஈசிஇ-யும் வானியலுக்கு அன்னியமில்லை. ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு–தெற்காகக் கிடப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றியே ஒரு வான்பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். இத்தகைய கருவிகளின் ஆன்டெனா, ரிசீவர், சிக்னல் பிராசஸிங் எல்லாம் ஈசிஇ படித்தவர்களின் களம். புனேயின் வானியல் ஆய்வு நிறுவனங்களான ஐயூகா, என்சிஆர்ஏ ஆகியவை பிஎச்.டி.க்குப் பொறியியல் பட்டதாரிகளையும் அழைக்கின்றன.

மகளிடம் ஒன்று கேளுங்கள். கருவி செய்வது பிடிக்குமா, கருவி தந்த எண்களை வைத்துக் கணக்கு போடுவது பிடிக்குமா? முதலாவது என்றால் ஈசிஇ-யில் சேர்த்து, விருப்பப் பாடமாக மின்காந்தவியலையும் சிக்னல் பிராசஸிங்கையும் எடுக்கச் சொல்லுங்கள். எந்திரவியலும் குவாண்டமும் அவளே தனியாகப் படிக்க வேண்டியிருக்கும், பிஎச்.டி. நுழைவுத் தேர்வில் அவை வரும். இரண்டாவது என்றால் இயற்பியலில் சேருங்கள்.