பழைய பிரெஞ்சு குற்றப் படங்கள்: திரையில் யாருக்கு இடம்?

கேள்வி: வெள்ளையர் அல்லாதோருக்கு இந்தப் படங்களில் மதிப்பான இடம் உண்டா?

பதில்: உண்டு. இயக்குநர் க்ளூஸோவின் 'கே தெ ஓர்ஃபெவ்ர்' (1947) பாருங்கள். லூயி ழூவே நடித்த இன்ஸ்பெக்டர் அந்துவான் பிரெஞ்சுக் காலனி நாடுகளில் பணிபுரிந்து திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்தது மகனும் மலேரியாவும்தான் என்கிறார். மகன் கறுப்பினக் கலப்புச் சிறுவன். கொலை விசாரணைக்கு நடுவிலும் அவன் படிப்பைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. பையனின் நிறத்தை வைத்துப் படம் எந்தப் பாடமும் நடத்துவதில்லை; அவன் ஒரு வீட்டுப் பிள்ளை, அவ்வளவே. ஆனால் அவனைப் பெற்ற தாய் படத்தில் எங்குமே இல்லை. அந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன்.

அதே படத்தில் புகைப்படக் கலைஞர் டோரா, தோழி ஜென்னியை மனத்துக்குள் காதலிக்கிறாள். நாம் இருவரும் ஒரே ரகம், பெண்கள் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டமே கிடையாது என்று அந்துவான் அவளிடம் சொல்கிறார். ஏளனம் துளியும் இல்லை. எனக்கு மிகப் பிடித்த காட்சி இது.

என் எச்சரிக்கை ஒன்றுதான்: தலைகளை எண்ணாதீர்கள். அந்த மனிதருக்குக் கதையில் என்ன வேலை என்று பாருங்கள்.

கேள்வி: கறுப்பினப் பாத்திரங்கள் உள்ள படங்களின் பட்டியல் தருவீர்களா?

பதில்: பட்டியல் தருவதில்லை. காரணம் மேலே இருக்கிறது.

கேள்வி: பெண்கள்?

பதில்: இயக்குநர் மெல்வீலின் 'ல செர்க்கிள் ரூஜ்' (1970) படத்தில் ஏறக்குறைய இல்லை. டோராவிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: மெல்வீலின் 'ல சமுராய்' படத்தில் எத்தனை கறுப்பினத்தவர்?

பதில்: மறுபடியும் எண்ணிக்கை! காத்தி ரோஸியே நடித்த பியானோ கலைஞரைப் பாருங்கள். கொலைகாரனை நேருக்கு நேர் கண்டவள் அவள். போலீசிடம் அவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறாள். கடைசியில் அவன் அவளை நோக்கி நீட்டும் துப்பாக்கியில் குண்டே இல்லை. 1967இலேயே கதையின் பிடி அவள் கையில். ஆனால் அவள் மனத்துக்குள் மெல்வீல் நம்மை விடுவதில்லை.

கேள்வி: அல்ஜீரியா பிரான்சிடம் விடுதலை கேட்டுப் போரிட்ட காலத்தில் அந்தப் போரைப் பற்றி ஏன் இவ்வளவு மௌனம்?

பதில்: தணிக்கை ஒரு பெரிய காரணம். அந்தப் போரைத் தொட்ட, இயக்குநர் கோதாரின் 'ல பெத்தி சொல்தா' 1960இல் எடுக்கப்பட்டது. 1963 வரை தடையில் கிடந்தது. போர் மறைமுகமாகத்தான் நுழைந்தது. லூயி மாலின் 'அசான்சர் பூர் லெஷஃபோ' (1958) நாயகன் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்ட முன்னாள் பாராசூட் வீரன். அவன் கொல்லும் முதலாளி ஆயுத வியாபாரி.

கேள்வி: 'பெப்பே ல மோக்கோ' (1937) வெறும் காலனியப் படம்தானே? அதில் வரும் அல்ஜீரிய இன்ஸ்பெக்டர் ஸ்லிமான் வஞ்சகமான கீழ்த்திசைக்காரன் என்ற பழைய அச்சு.

பதில்: அச்சு என்பதை ஏற்கிறேன். ஸ்லிமானாக நடித்தவர் ருமேனியாவில் பிறந்த லூக்கா கிரிதூ. பாரிஸ் கொள்ளைக்காரன் பெப்பே ஒளிந்திருக்கும், அல்ஜியர்ஸின் பழைய நகர்ப்பகுதியான கஸ்பாவின் சந்துகளில் பெரும்பகுதி பாரிஸுக்கு அருகே ஸ்டூடியோவில் எழுப்பியவை. ஆனால் 'வெறும்' என்ற சொல்லை ஏற்க மாட்டேன். பிரெஞ்சு போலீஸ் அவனைப் பிடிக்கப் படையோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறது. பெப்பேயின் ஏக்கம் பாரிஸ் என்று புரிந்துகொண்டவர் ஸ்லிமான் ஒருவரே.

அதே வாசகர்: அறிவாளியாகக் காட்டினாலும் அந்த அறிவு பிரெஞ்சு ஆட்சிக்குத்தானே உழைக்கிறது?

பதில்: நியாயமான அடி. மற்ற கேள்விகளை நிறுத்திவிட்டு இதற்காகக் கடைசிக் காட்சியை இன்னொரு முறை பார்த்தேன். துறைமுகக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் கைவிலங்கோடு பெப்பே. அந்தப் பக்கம் அவன் காதலிக்கும் பாரிஸ் பெண் கேபி ஏறிய கப்பல் நகர்கிறது. காமிரா முழுக்க பெப்பேயின் துயரத்தோடு நிற்கிறது. அவனைப் பிடித்த ஸ்லிமானுக்கு ஒரு வீடோ குடும்பமோ ஏக்கமோ படம் தரவில்லை. இதில் உங்கள் பக்கம்தான் வலுவானது.