கடலூர் நகருக்குள், வீட்டுத் தோட்டத்தில் நான்கைந்து நாட்டுக்கோழிகளுக்குக் கூண்டு எப்படி அமைப்பது?

யூடியூப் காணொளிகளில் வரும் அழகான பலகை வீட்டைக் காட்டி, அதுபோல் செய்து தரும்படி ஆசாரியிடம் கேட்டுவிடாதீர்கள். அவற்றில் பல குளிர்நாட்டுக் கோழிகளுக்கானவை. நான்கு புறமும் அடைத்து, உள்ளே சூடு தங்குவதற்கென்றே செய்தவை. கோழிக்கு வியர்க்காது, வாய் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அந்தப் பெட்டிக்குள் அது தாங்காது. கடலூர்க் கூண்டுக்குள் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேற வேண்டும், ஆனால் புயல் அதைத் தூக்கிச் செல்லக் கூடாது. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் இருக்கும் கூண்டு ஆறடி நீளம், மூன்றடி அகலம். இரவில் அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும் என்பதால் ஐந்து கோழிகளுக்கு இது தாராளம். பகலில் வெளியே விட முடியாதென்றால், ஒரு கோழிக்கு 8 முதல் 10 சதுர அடி என்று கணக்கிட்டு வலையடைப்பு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில்தான் விழும்.

கால்களுக்குச் சவுக்குக் கழி நம் மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசி, இரண்டடி ஆழம் நட்டுவிடுங்கள். தளம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இங்கே என்ன செய்தது என்பது நமக்கு மறக்காது. 2024இல் ஃபெஞ்சல் கரையைக் கடந்த கையோடு தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. தரையோடு கட்டிய கூண்டு அப்படி ஒரு நாளில் முழுகிவிடும். கூரைக்குத் தகரத்தைவிடத் தென்னங்கீற்று எவ்வளவோ குளிர்ச்சி. கீற்றின் மேல் பழைய மீன்வலையை விரித்து நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினால் காற்றுக்குப் பறக்காது.

செலவில் கைவைக்கக் கூடாத இடம் கம்பிவலைதான். கடையில் கோழிவலை என்று தரும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். பெருச்சாளி அதைக் கடித்து அறுத்துவிடும். கீரி சந்தில் காலை விட்டுக் குஞ்சை இழுக்கும். நகரத்தில் கோழிக்குப் பெரிய எதிரி நாய் என்று நினைக்கிறார்கள். சாக்கடை ஓரத்திலிருந்து இரவில் வரும் பெருச்சாளிக்கும் மரநாய்க்கும்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வாங்குங்கள். உப்புக்காற்றில் வலையின் வெட்டிய முனைகளில்தான் முதலில் துரு பிடிக்கும். அங்கே மறக்காமல் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசுங்கள். கதவுக்கு வெறும் கொண்டி போதாது, பூட்டும் வேண்டும்.

உள்ளே, கோழி உட்காரும் கழி முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிட்டு முட்டையைப் பாழாக்கும். ஓரடிக்கு ஓரடிப் பெட்டி ஒன்று நான்கைந்து பெட்டைகளுக்குப் போதும். தளத்தில் உமியோ மல்லாட்டைத் (நிலக்கடலை) தோலோ பரப்புங்கள். ஈரம் பட்டதை அன்றே அள்ளிவிட்டால் நாற்றமும் ஈயும் வராது, பக்கத்து வீட்டாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சு பொரிக்காது என்பது மட்டுமே வித்தியாசம். சுவரோடு சுவராக வீடுகள் உள்ள தெருவில் விடியுமுன் கூவும் சேவலைத் தவிர்ப்பதே நல்லது.

எவ்வளவு நல்ல கூண்டும் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோயைத் தடுக்காது. அது வந்தால் மருந்தில்லை, சில நாட்களில் கூண்டே காலியாகிவிடலாம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் தடுப்பூசி. அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முன்பே விசாரித்து, வெயில் ஏறுமுன் கூடையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.