பயாப்சி ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கழுத்தின் இடப்பக்கம் ஒரு நெறி. ஆறு வாரமாகியும் கரையவில்லை என்று ஊசி வழியாகத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாளில் ரிப்போர்ட் என்றார்கள். நான்காம் நாள் கேட்டால், 'இன்னும் சில ஸ்டெய்ன் போட வேண்டும், மேலும் நான்கு நாள் ஆகும்' என்கிறார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கேன்சர்தான். ஓயாமல் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்; இப்போது வலிக்கவும் ஆரம்பித்துவிட்டது. ராத்திரியில் இரண்டு கை விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. கணவர் 'ஒன்றும் இருக்காது' என்றால் பத்து நிமிடம் நிம்மதி, திரும்பவும் கேட்கிறேன். ரிப்போர்ட் ஃபோனுக்கே வந்துவிடுமாம். நானே திறந்து பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

'ஒன்றும் இருக்காது' என்று நானும் எழுதப்போவதில்லை. எனக்கு அது தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. தெரியாமல் சொல்லும் ஆறுதல் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோவதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனால் 'தெரிந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இதே கதிதான். இன்று யாருக்கும் தெரியாது. எப்படியாவது இப்போதே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் பயத்தைத்தான் வளர்க்கிறது.

முதலில் அந்தத் தாமதம். எடுத்த துணுக்கு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் பல மணி நேரம் ஊற வேண்டும். பிறகு படிப்படியாக அடர்த்தி கூடும் ஆல்கஹாலில் வைத்து அதிலுள்ள நீரை எடுப்பார்கள், சைலீனில் போடுவார்கள், உருக்கிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். பெரும்பாலும் இது ராத்திரி முழுக்க இயந்திரத்தில் நடக்கும். மறுநாள் அந்த மெழுகுக் கட்டியை 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயமிடுவார்கள். ஹெமடாக்சிலின் செல்லின் கருவை நீலமாக்கும்; இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். உங்களிடம் சொன்ன மூன்று நாள் இதுவரைக்குமான கணக்கு.

நெறியில், அதாவது வீங்கிய நிணநீர்க் கணுவில், ஒரு சிக்கல் உண்டு. அதில் நிறைந்திருக்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் இந்த இரண்டு நிறத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வெறும் தொற்றால் வீங்கிய கணுவிலும் அவை நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கும். அவற்றில் டி செல், பி செல் என்று வகை உண்டு. எது டி செல், எது பி செல், எந்த இடத்தில் எது கூடியிருக்கிறது என்று பார்க்க செல்லின் மேலுள்ள சிடி3, சிடி20 போன்ற குறிகளைக் காட்டும் இம்யூனோ ஸ்டெய்ன் என்ற தனிச் சாயம் வேண்டும். காசநோய்க் கிருமியைத் தேடவென்றால் வேறு சாயம். லிம்போமா, அதாவது லிம்போசைட்டுகளில் வரும் புற்றுநோய், இல்லை என்று உறுதிசெய்யவும் இம்யூனோ ஸ்டெய்ன்தான், இருந்தால் எந்த வகை என்று பிரிக்கவும் அதேதான். ஆகவே நான்கு நாள் கூடியதை வைத்து எந்தப் பக்கமும் கணிக்க முடியாது.

இன்று மருத்துவமனைக்கு ஒரே ஒரு ஃபோன் செய்யுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதி, யார் சொல்வார்கள், அந்தத் தேதி தாண்டினால் எந்த எண்ணில் யாரைக் கேட்பது. மூன்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதே ஃபோனில், ரிப்போர்ட் வரும் நாளுக்கே டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிவிடுங்கள். அந்தத் தேதிவரை இனி யாரையும் விசாரிக்க வேண்டாம். 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஆய்வொன்றில், மின் அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதியாக இருந்தபோதுதான் மனிதர்களின் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நீங்கள் இப்போது நிற்பது அந்தச் சரிபாதியில். உங்கள் உடம்பு படும் பாட்டைப் பலவீனம் என்று எண்ணாதீர்கள்.

தொட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஊசி போன இடம் ஏற்கெனவே கன்றியிருக்கும். அதையே திரும்பத் திரும்ப அழுத்தினால் சுற்றியுள்ள சதையும் நோகும், வீங்கும். அந்த வீக்கத்தைத் தொட்டு 'பெரிதாகிவிட்டது' என்று நினைப்பீர்கள். கழுத்தைச் சற்றுத் திருப்பினாலே விரலுக்கு அளவு மாறிப்போகும். பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று விரல் தரும் பதிலில் அர்த்தமில்லை. ஒரேயடியாக நிறுத்த முடியாது, தெரியும். கை போகும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். இன்று மணிக்கு ஒருமுறை, நாளை காலையும் மாலையும் மட்டும், மூன்றாம் நாள் வேண்டாம். ஊசி போட்ட இடம் சிவந்து சூடேறி வீங்கினால், சீழ் கட்டினால், காய்ச்சல் வந்தால் டாக்டரை அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மரத்துப்போவதற்கு வருகிறேன். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வந்து, விரல் நுனியும் உதட்டோரமும் கூசும், மரக்கும். நீங்கள் எழுதியிருப்பது அச்சாக இதுதான். 'நன்றாக இழுத்து மூச்சுவிடு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; காற்று கூடினால் மரப்பும் கூடும். மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பேப்பர் பையில் ஊதுவதெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம். அப்போது உடனே மருத்துவமனைதான்.

உங்கள் கணவர் அன்பால்தான் அப்படிச் சொல்கிறார். இருந்தும் அவரை இன்றைக்கே உட்காரவைத்துப் பேசுங்கள். இனி நீங்கள் கேட்கும்போது அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'பயமாத்தான் இருக்கும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எனக்கும் தெரியாது. நான் கூடவே இருக்கேன்.' முதல் நாள் உங்களுக்குக் கோபம்கூட வரும். அதற்காக அவர் பழைய பதிலுக்குத் திரும்பிவிடக் கூடாது.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1983-இல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி. படுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் மாலை ஐந்து மணிபோல வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேளையில் எண்ணம் வந்தால் ஒரு வரி குறித்து ஐந்து மணிக்குத் தள்ளிவையுங்கள். கூகுளில் தேடத் தோன்றுவதையும் அந்தத் தாளில் டாக்டருக்கான கேள்வியாக மாற்றி எழுதுங்கள். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

ரிப்போர்ட்டைத் திறப்பதா? முடிந்தால் டாக்டர் முன்னால் திறங்கள். ராத்திரியில் தனியாக நிச்சயம் வேண்டாம். கணு ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று இருந்தால், எதையோ எதிர்த்து வீங்கியிருக்கிறது என்று பொருள். 'போதிய திசு இல்லை' என்று வந்தால் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவே. இம்யூனோ பகுதியில் வரும் 'பாசிட்டிவ்' அந்தச் செல்லில் அந்தக் குறி இருப்பதைச் சொல்கிறது. சாதாரண பி செல்லுக்கும் சிடி20 பாசிட்டிவ்தான். இந்த ஒரு சொல்லைப் பார்த்தே பலர் உடைந்துபோகிறார்கள். கெட்ட செய்தியாகவே இருந்தாலும், அடுத்து என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை என்று சொல்ல எதிரில் ஒருவர் இருப்பார்.

நல்ல ரிப்போர்ட் வந்தும் சில நாளில் பயம் வேறொரு உறுப்புக்குத் தாவினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உடல்நலப் பதற்றத்துக்கென்றே அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, இருக்கிறது. சாப்பிட முடியாமல் போனாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினாலோ ரிப்போர்ட் வரும்வரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.