ஒற்றை முடியை நம்பி ஒரு படிப்பா?

மகள் பிளஸ் டூ முடித்ததும் தடய அறிவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், பிணத்தோடு மல்லுக்கட்டும் வேலைக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

தடய ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரிவின் மேஜைக்குப் பிணம் வராது. சீல் வைத்த உறைதான் வரும். உள்ளே ஒற்றை முடி இருக்கலாம். பிடுங்கப்பட்ட முடி என்றால் வேரில் திசு ஒட்டியிருக்கும். ஆளையே அடையாளம் காட்டும் டி.என்.ஏ. கிடைத்துவிடும். தானாக உதிர்ந்த முடியில் அது தேறுவது அரிது. அப்போது முடித்தண்டைக் கழுவி, நறுக்கி, கரைத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் இருக்கும் டி.என்.ஏ.வை எடுப்பார்கள். அது தாய்வழியில் மட்டுமே வருவது. உங்கள் முடியா, உங்கள் மகள் முடியா என்று அதை வைத்துப் பொதுவாகப் பிரித்துச் சொல்ல முடியாது. 'இவருடையதாக இருக்கலாம்' என்ற அளவில் அறிக்கையை நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும்.

அந்த நிதானம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? வாஷிங்டனில் 1978-ல் நடந்த ஒரு கொலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முடி ஒத்துப்போகிறது என்றார்கள். சாண்டே டிரிபிள் என்ற இளைஞர் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 2012-ல் மைட்டோகாண்ட்ரியா சோதனை செய்தபோது ஒரு முடிகூட அவருடையது இல்லை. அதில் ஒன்று நாயின் முடி!

எனவே உங்கள் மகளிடம், சீரியலில் வருவதுபோல் ஓடிப் பிடிக்கும் வேலை இது இல்லை என்று சொல்லுங்கள். முகமூடியும் கையுறையுமாகப் பொழுது போகும். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையும் உண்டு. அதற்குத்தான் பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பிணத்துக்கு அல்ல.

என் யோசனை: இளநிலையிலேயே தடய அறிவியல் என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். உயிர்வேதியியல், மரபியல், பயோடெக்னாலஜி இவற்றில் ஒன்றைப் படிக்கட்டும். கூடவே புள்ளியியல் ஒரு தாள். முதுகலையில் தடய அறிவியலுக்கு மாறலாம். காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிடிக்காமல் போனாலும் மருத்துவ ஆய்வகம், மருந்து நிறுவனம் என்று வேறு கதவுகள் திறந்திருக்கும்.

2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்கிறது. ஆள் தேவை கூடத்தான் செய்யும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வில் இடங்கள் சொற்பம். ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று காத்திருக்க முடியாது. கல்லூரியில் சேர்க்கும் முன், அங்கே டி.என்.ஏ.வைப் பல படிகள் எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். கருவி இருக்கிறதா, மாணவர்கள் கையால் தொட விடுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள்.